விலை கூடிய கேமிங் மவுஸ்: எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு மாற்றுவது

விலை கூடிய கேமிங் மவுஸ் ஒன்றை வாங்கியவர்களில் பலர் முதல் நாளே அதன் மென்பொருளைத் திறந்து டிபிஐ-யை (மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் கர்சர் எத்தனை புள்ளி போகும் என்ற எண்ணை) மாற்றுகிறார்கள், போலிங் ரேட்டை (மவுஸ் ஒரு செக்கனில் எத்தனை தடவை தகவல் அனுப்புகிறது என்பதை) உச்சத்தில் வைக்கிறார்கள், மவுஸுக்கு அடியில் புதுப் பேட் ஒன்றையும் விரிக்கிறார்கள். அப்படியே நேராக, தரவரிசைக்கு எண்ணப்படும் ரேங்க் ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு நாளில் “இது எனக்குச் சரிவரவில்லை” என்ற முடிவு வந்துவிடும். எது சரிவரவில்லை என்று கேட்டால் பதில் இருக்காது. அளவு பிழையா, பேட் பிழையா, வேகம் பிழையா, மவுஸே பழுதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை, ஏனென்றால் எல்லாம் ஒரே நேரத்தில் மாறியிருக்கிறது.

ஆகவே வரிசைதான் முக்கியம். கடைக்குத் திருப்பிக் கொடுக்கக்கூடிய குறைகளை முதலில் தேடுங்கள். அமைப்புகளை அதற்குப் பிறகு, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பிடிக்கிறதா இல்லையா என்ற தீர்ப்பைக் கடைசிக்கு விடுங்கள்.

1. கடைக்குப் போகுமுன் கையை அளந்துகொள்ளுங்கள்

மணிக்கட்டின் மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளம். பெருவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களும் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் அகலம். இரண்டையும் மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, இப்போது இருக்கும் மவுஸை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று பாருங்கள். நினைத்துச் சொல்லாதீர்கள். ஆடும்போது யாரையாவது பக்கத்திலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். உள்ளங்கை முழுவதும் மவுஸில் படுத்திருந்தால் பாம் பிடி. உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் தொட்டு விரல்கள் வளைந்து நின்றால் கிளோ பிடி. விரல் நுனிகள் மட்டும் தொட்டால் ஃபிங்கர்டிப் பிடி. தன் பிடியைத் தவறாகச் சொல்பவர்கள் நிறையப் பேர். சும்மா மேசையில் வைத்துப் பிடிக்கும்போது ஒரு பிடி, சண்டை சூடாகும்போது வேறு பிடி. நமக்கு வேண்டியது இரண்டாவது.

நீளத்தை மட்டும் பார்த்துத் தெரிவு செய்வதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. லொஜிடெக் ஜி புரோ எக்ஸ் சுப்பர்லைட் 125 மில்லிமீட்டர் நீளம், 40 மில்லிமீட்டர் உயரம். ரேசர் டெத்அடர் வி3 புரோ 128 மில்லிமீட்டர் நீளம், 44 மில்லிமீட்டர் உயரம். நீளத்தில் மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் கையில் வைத்தால் இரண்டும் வேறு உலகம். டெத்அடரின் முதுகு உயர்ந்தது, வலக் கைக்கென்றே சாய்த்துச் செய்தது, உள்ளங்கையை நிரப்பும். சுப்பர்லைட் இரண்டு பக்கமும் ஒரே வடிவம், தாழ்ந்த முதுகு, விரல்களுக்கு அசையும் இடம் விடும். பாம் பிடிக்காரருக்கு முதுகின் உயரமும் அந்த மேடு எந்த இடத்தில் இருக்கிறது என்பதும்தான் முதல் கேள்வி. ஃபிங்கர்டிப் பிடிக்காரருக்கு எடையும் பக்கச் சுவரின் அகலமும்.

2. கடையில் கேட்க வேண்டியவை

கொழும்பில் இதற்குப் பெரும்பாலும் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குத்தான் போவோம். அங்கே ஒரே கட்டடத்தில் பல கடைகள் இருப்பதால் ஒரு நடையில் நாலைந்து வடிவங்களைக் கையில் பிடித்துப் பார்க்க முடியும். காட்சிக்கு வைத்ததைக் கேட்டு வாங்கிப் பிடியுங்கள். நின்றபடி பிடித்தால் முழங்கை தொங்கும், பிடி மாறிவிடும். ஒரு கதிரை கேட்டு உட்கார்ந்து, முழங்கையை மேசையில் வைத்துப் பாருங்கள். தருவார்கள்.

விலை கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள். வாரண்டி இலங்கை முகவருடையதா, கடையினுடையதா? பழுது என்றால் எத்தனை நாளுக்குள் புதிதாக மாற்றித் தருவார்கள்? பில்லில் சீரியல் இலக்கம் எழுதுவார்களா? “தம்பி, ஒரு வருஷ வாரண்டி இருக்கு” என்ற வாய்ச்சொல் மட்டும் போதாது. ஒரு வருடம் என்பது திருத்தித் தரும் காலம். மாற்றித் தரும் காலம் அதைவிட மிகக் குறைவு, சில கடைகளில் சில நாட்கள்தான். கீழே வரும் சோதனைகளை எவ்வளவு விரைவாக முடிக்க வேண்டும் என்பதை அந்த இரண்டாவது பதில்தான் தீர்மானிக்கிறது.

வெளிநாட்டிலிருந்து நேரடியாகக் கொண்டுவந்து இணையத்தில் விற்பவர்களிடம் விலை குறையலாம். வாரண்டியும் பெரும்பாலும் அந்த நாட்டோடு நின்றுவிடும். பெயர்போன மாதிரி ஒன்று நம்ப முடியாத மலிவு விலையில் கிடைத்தால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். நிறுவனத்தின் சொந்த மென்பொருள் அந்த மவுஸை அடையாளம் காணவில்லை என்றால் மேலே யோசிக்க ஒன்றுமில்லை, திருப்பிக் கொடுங்கள்.

3. பெட்டியைத் திறக்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

ஒரு அடிமட்டம், சமையலறைத் தராசு, தடித்த புத்தகம் ஒன்று, பழைய சிடி நாலு, நீங்கள் ஏற்கனவே பாவிக்கும் பேட். புதுப் பேட் வாங்கியிருந்தால் அதை இப்போதைக்கு உருட்டியே வையுங்கள். மவுஸும் பேடும் ஒன்றாக மாறினால் எந்த வித்தியாசம் எதனால் வந்தது என்று விளங்காது.

திறக்கும்போது கைபேசியில் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை எறியாதீர்கள். பெட்டி இல்லாமல் மாற்றிக் கேட்டால் பல கடைகளில் பேச்சே எடுபடாது.

4. முதல் மாலை: உடம்பை மட்டும் சோதியுங்கள்

கொம்பியூட்டரில் செருகுவதற்கு முன்பே பாதி வேலை முடியும்.

மவுஸைக் கவிழ்த்து அடிப்பாதங்களைப் பாருங்கள். டெஃப்லோன் பாதங்களின் மேல் மெல்லிய ஒளி ஊடுருவும் படலம் ஒட்டியிருக்கலாம். சிலவற்றில் நீல நிறம், சிலவற்றில் நிறமே இல்லை. நகத்தால் ஓரத்தை மெதுவாகத் தட்டிப் பார்த்து உரியுங்கள். “இந்த விலைக்கு இப்படி இழுக்கிறதே” என்று முறையிடும் புதியவர்களின் மவுஸைக் கவிழ்த்தால் பல தடவை அந்தப் படலம் அப்படியே இருக்கும். உரித்த பிறகும் முதல் சில நாள் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். பாதங்களின் கூர் ஓரங்கள் பேடில் தேய்ந்து வழுவழுப்பாகும்வரை சறுக்கலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

தராசில் வையுங்கள். சுப்பர்லைட் 2 என்றால் 60 கிராம், ரேசர் வைப்பர் வி3 புரோ என்றால் 54 கிராம் அளவில் காட்ட வேண்டும். ஓரிரு கிராம் வித்தியாசத்தை விடுங்கள். பத்துக் கிராம் கூடினால் போலியா என்று சந்தேகப்படலாம்.

இரண்டு பக்கத்தையும் பெருவிரலாலும் சுண்டுவிரலாலும் அழுத்துங்கள். இலேசான மவுஸ் கொஞ்சம் நெளியும், அது பழுதில்லை. ஆனால் ஆடும்போது வரும் அழுத்தத்துக்கே பக்கப் பொத்தான் தானாக அமுங்கினாலோ, அடிப்பக்கம் உள்வாங்கி டிபிஐ பொத்தான் தட்டுப்பட்டாலோ அது குறைதான். காதருகே வைத்து மெதுவாகக் குலுக்குங்கள். உருட்டும் சில்லு இருக்கும் இடத்தில் மெல்லிய சத்தம் வரலாம். உள்ளே ஏதோ உருளும் சத்தம் வரக் கூடாது.

இடது பொத்தானை முன் நுனி, நடு, பின்பகுதி என்று மூன்று இடத்தில் அமுக்குங்கள். பின்னுக்குப் போகப் போக அழுத்தம் கூடுவது இயல்பு. வலது பொத்தானோடு ஒப்பிடுங்கள். சத்தம் சற்று வேறுபடலாம், அழுத்தம் பெரிதாக வேறுபடக் கூடாது. சில்லை ஆறுதலாக ஒவ்வொரு படியாக உருட்டி ஒரு நீண்ட இணையப் பக்கத்தைக் கீழே இறக்குங்கள். கீழே உருட்டும்போது பக்கம் இடையில் மேலே துள்ளினால் சில்லின் என்கோடர் (சுழற்சியை வாசிக்கும் உறுப்பு) பழுது. ஆயுதம் மாற்றும் நேரத்தில் அது காலை வாரும்.

5. இணைப்பு: டொங்கிளை (வயர் இல்லாத மவுஸின் அலையை வாங்கும் சிறு யூஎஸ்பி துண்டை) எங்கே செருகுகிறீர்கள்

முதலில் வயரோடு இணைத்து முழுதாக சார்ஜ் செய்யுங்கள். பிறகு ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பித்தல் இருந்தால் செய்யுங்கள். மவுஸுக்கும் டொங்கிளுக்கும் தனித்தனியாக வரும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் இணைப்பு விட்டு விட்டு வரலாம். புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் மவுஸ் முடங்கக்கூடும். சித்திரை, ஐப்பசி மாதங்களில் பின்னேரம் இடி முழங்கும்போது யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

டொங்கிளைக் கொம்பியூட்டர் கேசிங்கின் பின்பக்கத்தில் செருகி, கேசிங்கை மேசைக்குக் கீழே வைப்பவர்கள்தான் அதிகம். இந்த மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. வைஃபை ரவுட்டரும் அதே அலைவரிசையில்தான் கத்திக்கொண்டிருக்கிறது. யூஎஸ்பி 3.0 துளைகளும் அவற்றில் செருகிய வன்தட்டுகளும் அந்த அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும் என்பதை இன்டெல் 2012 இலேயே எழுதி வைத்திருக்கிறது. வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் இதில் சேரும். பெட்டியில் வரும் நீட்டிப்பு வயரை எடுத்து, டொங்கிளைப் பேடின் மேல் ஓரத்தில், மவுஸிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். “இடைக்கிடை திக்குகிறது” என்ற முறைப்பாட்டுக்குக் கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

புளூடூத் வசதியும் இருந்தால் அது மடிக்கணினி வேலைக்கு மட்டும். அதன் தாமதம் ஆட்டத்துக்குச் சரிவராது.

6. வின்டோஸை நேராக்குங்கள்

மவுஸ் அமைப்புகளில் என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன் என்ற தெரிவை நிறுத்துங்கள். அது இயங்கினால் கையை வேகமாக அசைக்கும்போது கர்சர் கூடுதல் தூரம் போகும். ஒரே தூரத்துக்கு ஒரே பதில் கிடைக்காத இடத்தில் கைப்பழக்கம் உருவாகாது. வேகக் கோட்டை நடுவில் வையுங்கள்: பழைய கண்ட்ரோல் பேனலில் 11 படிகளில் 6ஆவது, வின்டோஸ் 11 இன் புதிய பக்கத்தில் 20 இல் 10.

கவுண்டர் ஸ்ட்ரைக் 2, வலோரன்ட் போன்ற சுடும் ஆட்டங்கள் இந்த அமைப்பைத் தாண்டி மவுஸிடமிருந்து நேரடியாகவே எடுக்கின்றன. ஆனால் அடுத்த படியில் டிபிஐ-யைத் திரையில் அளக்கப் போகிறோம். இதை முதலில் செய்யாவிட்டால் அந்த அளவு பொய்யாகிவிடும்.

7. சென்சரை (அடியிலிருந்து அசைவை வாசிக்கும் கண்ணை) சோதிப்பது

பெட்டியில் 30,000 டிபிஐ என்று இருப்பதை மறந்துவிடுங்கள். 400, 800, 1600 என்ற மூன்றுக்கு மேல் தேவைப்படுவது அரிது. இன்றைய உயர்தர சென்சர்களில் பெரிய குறை கிடைப்பதும் அரிது. சோதிப்பது, உங்கள் கையில் இருக்கும் அந்த ஒன்று பழுதா என்று அறியத்தான்.

டிபிஐ சரிதானா? 400 இல் வையுங்கள். திரையின் அளவுப் பெருக்கத்தை 100 வீதமாக்குங்கள். தடித்த புத்தகத்தைப் பேடின் இடப்பக்கம் அசையாமல் வைத்து, மவுஸின் இடது சுவரை அதில் முட்ட வையுங்கள். கர்சர் திரையின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்க வேண்டும். இப்போது மவுஸை மெதுவாக, திருகாமல் வலப்பக்கம் நகர்த்தி, கர்சர் வலது ஓரத்தைத் தொட்ட கணத்தில் நிறுத்துங்கள். புத்தகத்துக்கும் மவுஸுக்கும் இடையே அடிமட்டத்தை வையுங்கள். 1920 புள்ளி அகலத் திரை என்றால் 12.2 சென்ரிமீட்டர் வர வேண்டும். 2560 என்றால் 16.3. நாலைந்து தடவை செய்து சராசரி எடுங்கள். அரைச் சென்ரிமீட்டர் குறைந்தாலோ கூடினாலோ பயப்பட வேண்டாம், சில வீத விலகல் நல்ல மவுஸ்களிலும் உண்டு. ஆனால் அதைக் குறித்து வையுங்கள். “பழைய மவுஸில் 800, புதியதிலும் 800, ஆனால் வேகம் வேறு” என்ற குழப்பத்தின் விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

வேகத்தில் சென்சர் அசைவைத் தவறவிடுகிறதா? ஆட்டத்தின் பயிற்சித் தளத்தில் ஒரு சுவர்ப் புள்ளியைக் குறிபாருங்கள். மவுஸ் புத்தகத்தில் முட்டியிருக்கட்டும். வலப்பக்கம் முழு வேகத்தில் வீசிவிட்டு, ஆறுதலாகத் திருப்பிக் கொண்டுவந்து புத்தகத்தில் முட்டுங்கள். குறி ஏறத்தாழ அதே புள்ளிக்கு வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் வெகுதூரம் தள்ளி நின்றால் பேடை மாற்றி இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் அப்படியென்றால் திருப்பிக் கொடுங்கள்.

தூக்கும்போது எந்த உயரம் வரை வாசிக்கிறது? சிடி ஒன்றின் தடிப்பு 1.2 மில்லிமீட்டர். இரண்டு சிடிகளைப் பேடில் சிறு இடைவெளி விட்டு வைத்து, சென்சர் அந்த இடைவெளியின் மேல் வருமாறு, பாதங்கள் சிடிகளில் நிற்குமாறு மவுஸை வைத்து அசையுங்கள். கர்சர் நகர்ந்தால் ஒவ்வொரு பக்கமும் இன்னொரு சிடி சேருங்கள். மென்பொருளில் இந்தத் தூக்கும் உயரத்தை 1 மில்லிமீட்டர் என்று வைத்திருந்தும் இரண்டு சிடி உயரத்தில் கர்சர் ஓடினால் அந்த அமைப்பு சேமிக்கப்படவில்லை என்று அர்த்தம். மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடும் குறைவேகக்காரருக்கு இது பெரிய விடயம். தூக்கும் ஒவ்வொரு தடவையும் குறி கொஞ்சம் விலகும், காரணமும் தெரியாது. உயர் வேகத்தில் ஆடுபவர் இதைத் தாண்டிப் போகலாம்.

8. வேகத்தைத் தெரிவு செய்வது

புகழ்பெற்ற ஆட்டக்காரரின் எண்ணை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அவருடைய மேசை உங்களுடையதல்ல. டிபிஐ-யும் ஆட்டத்துக்குள் வைக்கும் உணர்திறன் எண்ணும் சேர்ந்து முடிவில் ஒரே ஒரு அளவைத்தான் தருகின்றன: ஆட்டத்தில் முழுச் சுற்று ஒன்று சுற்ற மவுஸ் எத்தனை சென்ரிமீட்டர் நகர வேண்டும் என்பது. அந்த அளவை மட்டும் நினைவில் வைத்தால் மவுஸ் மாறினாலும் ஆட்டம் மாறினாலும் தடுமாற மாட்டீர்கள்.

கவுண்டர் ஸ்ட்ரைக் 2 இல் 800 டிபிஐ, உணர்திறன் 1 என்றால் முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 52 சென்ரிமீட்டர். வலோரன்டில் அதே தூரம் வேண்டுமானால் கவுண்டர் ஸ்ட்ரைக் எண்ணை 3.18 ஆல் வகுங்கள், 0.314 வரும். வலோரன்டில் 800 டிபிஐ, 0.4 என்றால் ஏறத்தாழ 41 சென்ரிமீட்டர்.

இனி உங்கள் மேசையைப் பாருங்கள். படிப்பு மேசையில் கீபோர்ட் போக மிஞ்சும் இடம் 30 சென்ரிமீட்டர்தான் என்றால் 52 என்பது கையைக் கட்டிப்போடும். மவுஸைப் பேடின் நடுவில் வைத்து ஓரம் வரை ஒரு வீச்சு வீசினால் கிட்டத்தட்ட முதுகுப்பக்கம் திரும்பிவிட வேண்டும். அதற்கு ஏற்ற எண்ணில் தொடங்குங்கள். ஒரு வாரத்துக்கு அதைத் தொடாதீர்கள். குறி எப்போதும் இலக்கைத் தாண்டிப் போனால் சற்றுக் குறையுங்கள், எப்போதும் எட்டாமல் நின்றால் சற்றுக் கூட்டுங்கள். ஒரு தடவைக்குப் பத்து வீதத்துக்கு மேல் வேண்டாம். ஒரு தோல்விக்கு ஒரு எண் என்று மாற்றிக்கொண்டிருப்பவரின் கை எதையும் கற்காது.

சரிவந்த அமைப்பை மவுஸின் உள் நினைவகத்தில் சேமியுங்கள். கேமிங் கஃபேக்கோ போட்டிக்கோ கொண்டுபோகும்போது அங்கே மென்பொருள் இருக்காது.

9. போலிங் ரேட்: 1000 இல் தொடங்குங்கள்

1000 ஹெர்ட்ஸில் மவுஸ் ஒரு மில்லி செக்கனுக்கு ஒரு தடவை தகவல் அனுப்புகிறது, 8000 இல் 0.125 மில்லி செக்கனுக்கு ஒரு தடவை. லாபம் ஒரு மில்லி செக்கனுக்கும் குறைவு. 60 ஹெர்ட்ஸ் மொனிட்டர் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போக 16.7 மில்லி செக்கன் எடுக்கிறது, 144 ஹெர்ட்ஸ் மொனிட்டர் 6.9. மொனிட்டர் பழையது என்றால் காசு முதலில் அங்கே போகட்டும்.

8000 இல் புரொசசரின் சுமை கூடும், பற்றரி பல மடங்கு வேகமாகத் தீரும். நடுத்தரக் கொம்பியூட்டரில் ஆட்டமே தடுக்கத் தொடங்கலாம். கூட்டிப் பார்க்க ஆசை என்றால் 2000, 4000 என்று படிப்படியாகப் போய், ஒவ்வொன்றிலும் படவேகம் விழுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. இங்கிருந்து நாம் ஆடுவது மும்பை, சிங்கப்பூர் சேவையகங்களில். அந்தத் தூரத்தின் பிங்கை (தகவல் போய்வரும் தாமதத்தை) எந்த மவுஸும் குறைக்காது. சுட்ட பிறகும் எதிரி விழாமல் நிற்பது பெரும்பாலும் இணைப்பின் வேலை. அந்தக் கோபத்தில் மவுஸை மாற்றாதீர்கள். பிங்கே இல்லாத பயிற்சித் தளத்தில் கை எப்படி இருக்கிறது என்று பார்த்து மவுஸை எடைபோடுங்கள்.

10. தீர்ப்பு

இரண்டு வாரம் ஆடிய பிறகு பழைய மவுஸை அதே பேடில், அதே சென்ரிமீட்டர் அளவில் வைத்து ஒரு மாலை ஆடுங்கள். புதியது எங்கே உதவுகிறது, எங்கே இல்லை என்று அப்போதுதான் தெரியும். புள்ளிகளைவிடக் கையைக் கேளுங்கள். சுண்டுவிரல் பேடில் தேய்கிறதா? பெருவிரலின் அடி வலிக்கிறதா? பதற்றமான நேரத்தில் பிடி நழுவுகிறதா? இரண்டு வாரத்துக்குப் பிறகும் வலி இருந்தால் முதலில் கதிரையின் உயரத்தைச் சரிபாருங்கள், முழங்கை மேசை மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்கும் தீராவிட்டால் வடிவம் உங்களுக்கானதல்ல. எவ்வளவு புகழ்பெற்ற மாதிரி என்றாலும் விற்றுவிடுங்கள். கொழும்பில் பில்லும் பெட்டியும் உள்ள மவுஸுக்கு வாங்க ஆள் இருக்கிறது.

உருட்டி வைத்த புதுப் பேடை இப்போது விரிக்கலாம்.

11. நம் வெக்கையில் பராமரிப்பு

ஏசி இல்லாத அறையில் துணிப் பேட் வியர்வையையும் காற்றின் ஈரத்தையும் குடித்து மெதுவாகும். முன்கை படும் இடம் கனத்துப் போயிருப்பதைத் தொட்டாலே தெரியும். ஆறிய நீரில், பாத்திரம் கழுவும் சோப் சில துளி விட்டு, கையால் தேய்த்து அலசுங்கள். முறுக்காதீர்கள், வெயிலில் போடாதீர்கள். நிழலில், மின்விசிறிக்குக் கீழே தட்டையாக முழுதாகக் காயட்டும். ஓரங்களில் ஈரம் கடைசிவரை நிற்கும், அங்கேதான் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மவுஸைச் சற்றே ஈரமான துணியால் துடையுங்கள். சென்சர் குழிக்குள் முடியோ பஞ்சோ போயிருந்தால் குறி நடுங்கும், ஊதி எடுத்துவிடுங்கள். கை வழுக்கினால் பக்கங்களில் கிரிப் டேப் ஒட்டலாம். அதுவும் சில மாதத்தில் அழுக்கேறும், மாற்றும் செலவையும் நினைத்து வாங்குங்கள்.

ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை பதிவாகும் டபுள் கிளிக் நோய், உலோகத் தொடுகை உள்ள சுவிட்சுகளில் வரும். தொடுகைத் தகடு தேய்ந்தோ கறுத்தோ போவதுதான் காரணம். ஒளியால் இயங்கும் சுவிட்சுகளில் அந்தத் தொடுகை இல்லாததால் இந்த நோய் பொதுவாக வருவதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை டெஸ்க்டொப்பில் வெற்றிடத்தை ஒரு கிளிக்கில் பிடித்து இழுத்து, தேர்வுப் பெட்டி இடையில் அறுந்து போகிறதா என்று பாருங்கள். அறுந்தால் திரையும் விரலும் ஒன்றாகத் தெரியுமாறு வீடியோ எடுத்து, பில்லோடும் பெட்டியோடும் வாரண்டி முடியுமுன் கடைக்குப் போங்கள். மென்பொருளில் டிபவுன்ஸ் நேரத்தை (ஒரு கிளிக்குக்குப் பிறகு அடுத்ததை ஏற்காமல் விடும் இடைவெளியை) கூட்டிச் சமாளிக்கலாம்தான், ஆனால் அப்படிச் சமாளித்துக்கொண்டே வாரண்டித் திகதியைத் தவறவிட்டவர்கள் நிறைய.